கழிவுநீர்க் குளங்களில் வைரசு நீக்கம்

கழிவுநீர்க் குளங்களில் வைரசு நீக்கம் என்பது, வீட்டுக் கழிவுநீரை ஆழம் குறைந்த குளங்களில் பல நாட்கள் தேக்கிச் சுத்திகரிக்கும்போது, அதில் உள்ள நோய் உண்டாக்கும் வைரசுகள் நீரிலிருந்து பிரிக்கப்படுவதையும், அவை தொற்றும் ஆற்றலை இழப்பதையும் குறிக்கும். இத்தகைய குளங்கள் கழிவுநீர் நிலைப்படுத்தும் குளங்கள் என்றும் ஆக்சிசனேற்றக் குளங்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றை இயக்குவதற்குப் பெரும்பாலும் மின்சாரமோ வேதிப்பொருட்களோ தேவைப்படுவதில்லை. சூரிய ஒளி, பாசிகள், பாக்டீரியாக்கள், காலம் ஆகியவையே இங்கு சுத்திகரிப்பைச் செய்கின்றன. இதனால் நிலமும் வெயிலும் போதிய அளவில் கிடைக்கும் நாடுகளில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

குளத்திலிருந்து வெளியேறும் நீர் பல இடங்களில் பயிர்களுக்குப் பாய்ச்சப்படுகிறது, அல்லது ஆறுகளில் கலக்கிறது. எனவே அந்நீரில் வைரசுகள் எந்த அளவுக்கு எஞ்சியுள்ளன என்பது பொதுநலம் சார்ந்த கேள்வியாகும். பாக்டீரியாக்கள் நன்கு நீக்கப்பட்ட நீரிலும் வைரசுகள் எஞ்சியிருக்கக்கூடும் என்பது இத்துறையின் அடிப்படையான பாடங்களில் ஒன்று.

குளங்களின் அமைப்பு

ஒரு முழுமையான குளத்தொகுதியில் வழக்கமாக மூன்று வகைக் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்படுகின்றன.

1. காற்றில்லாக் குளம்: 2 முதல் 5 மீட்டர் வரை ஆழமுடையது. இங்கு ஆக்சிசன் இருப்பதில்லை. கழிவுநீர் சில நாட்கள் மட்டுமே தங்குகிறது. திடப்பொருட்கள் அடியில் படிந்து சேறாகின்றன.

2. இருநிலைக் குளம்: 1 முதல் 2 மீட்டர் வரை ஆழமுடையது. மேற்பகுதியில் பாசிகள் வளர்ந்து, ஒளிச்சேர்க்கையின் மூலம் ஆக்சிசனை வெளியிடுகின்றன. அடிப்பகுதி ஆக்சிசன் அற்ற நிலையில் இருக்கும்.

3. முதிர்வுக் குளம்: ஏறத்தாழ 1 மீட்டர் ஆழமுடையது. நோய்க்கிருமிகளைக் குறைப்பதே இதன் முதன்மைப் பணி. ஆழம் குறைவாக இருப்பதால், நீரின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு நேரத்தில் ஒளி படும் மேற்பரப்புக்கு வர வாய்ப்புண்டு.

கழிவுநீரில் காணப்படும் வைரசுகள்

மனிதக் குடலில் பெருகி மலத்தின் வழியே வெளியேறும் வைரசுகள் குடல் வைரசுகள் எனப்படுகின்றன. இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் போலியோ வைரசு, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசு, நோரோ வைரசு, அடினோ வைரசு, கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஏ மற்றும் ஈ வகை வைரசுகள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. நோயுற்ற ஒருவரின் ஒரு கிராம் மலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட வைரசுத் துகள்கள் இருக்கக்கூடும். ஆனால் வேறொருவருக்கு நோய் உண்டாவதற்கு மிகச் சில துகள்களே போதுமானவை. எனவே 90 விழுக்காடு அல்லது 99 விழுக்காடு நீக்கம் என்பது காதுக்குப் பெரிதாக ஒலித்தாலும், நடைமுறையில் போதாமல் போகலாம்.

குடல் வைரசுகள் மிகச் சிறியவை. போலியோ வைரசின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக அடுக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவை கொழுப்புறை அற்றவை. ஆர்.என்.ஏ. அல்லது டி.என்.ஏ. ஆகிய மரபுப்பொருளும், அதைச் சூழ்ந்த புரத உறையும் மட்டுமே இவற்றில் உள்ளன. கொழுப்புறை உடைய இன்புளுவென்சா, கொரோனா போன்ற வைரசுகள் நீரில் எளிதில் சிதைகின்றன. புரத உறை மட்டும் கொண்டவை நீரில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன. வைரசுகள் உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருகுவதில்லை. ஆதலால் குளத்தில் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை; எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதே கேள்வி.

நீக்கமும் செயலிழப்பும்

இவ்விரு சொற்களையும் பிரித்து அறிதல் வேண்டும். நீக்கம் என்பது வைரசு நீரிலிருந்து வேறோர் இடத்துக்குச் செல்வதாகும். எடுத்துக்காட்டாக, ஒரு திடத்துகளில் ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் படிந்த வைரசு நீரிலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் அது இன்னும் தொற்றும் ஆற்றலுடன் இருக்கலாம். செயலிழப்பு என்பது வைரசின் மரபுப்பொருளோ புரத உறையோ சிதைந்து, அதனால் இனி ஒரு செல்லைத் தாக்க இயலாத நிலையாகும். குளத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

இவற்றின் அளவு வழக்கமாக மடக்கை அலகில் கூறப்படுகிறது. ஒரு மடக்கை அலகு என்பது வைரசுகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகக் குறைவது, அதாவது 90 விழுக்காடு நீக்கம். இரண்டு அலகு 99 விழுக்காடு, மூன்று அலகு 99.9 விழுக்காடு, நான்கு அலகு 99.99 விழுக்காடு ஆகும்.

ஒட்டுதலும் படிதலும்

தனித்த வைரசு தன் எடையால் அடியில் படியும் என்று எதிர்பார்க்க இயலாது. 30 நானோமீட்டர் விட்டமுடைய துகள் அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, கணக்குப்படி நூறாண்டுகளுக்கும் மேலாகும். நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதல் அந்த மெதுவான இறக்கத்தையும் கலைத்துவிடும். எனவே வைரசு படிய வேண்டுமானால் அது பெரிய துகள் ஒன்றில் ஒட்ட வேண்டும்.

நடுநிலையான நீரில் பெரும்பாலான வைரசுகளும், கழிவுநீரில் மிதக்கும் பெரும்பாலான துகள்களும் எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் இடையில் பாலமாக அமைந்து இவ்விலக்கத்தைக் குறைக்கின்றன. துகளின் மேற்பரப்பில் உள்ள நீர்வெறுக்கும் பகுதிகளும் ஒட்டுதலுக்கு உதவுகின்றன. வைரசுக்கு வைரசு மேற்பரப்பு வேறுபடுவதால், ஒரே நீரில் ஒரு வைரசு நன்கு ஒட்டுவதும் மற்றொன்று ஒட்டாமல் மிதப்பதும் இயல்பு.

ஒட்டுதல் மீளக்கூடியது. நீரின் வேதித்தன்மை மாறும்போது வைரசு துகளிலிருந்து மீண்டும் விடுபடலாம். காற்றினாலோ வாயுக்குமிழிகளாலோ சேறு கலங்கும்போதும் வைரசுகள் நீருக்குத் திரும்பலாம். மேலும் துகளுக்குள் மறைந்த வைரசுக்கு ஒளியிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. அடிச்சேறு இருளாகவும் ஒப்பளவில் குளிர்ச்சியாகவும் இருப்பதால், அங்கு வைரசுகள் மேலே உள்ள நீரைவிட நீண்ட காலம் நிலைக்கின்றன. ஆகவே குளத்தைத் தூர்வாரும்போது சேற்றைத் தொற்றுப்பொருளாகக் கருதிக் கையாள வேண்டும்.

சூரிய ஒளியின் பங்கு

முதிர்வுக் குளங்களில் வைரசுகளைச் செயலிழக்கச் செய்யும் முதன்மைக் காரணி சூரிய ஒளியாகும். இது இரு வழிகளில் செயல்படுகிறது.

நேரடி வழியில், 280 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய புறஊதா-பி கதிர்களை வைரசின் மரபுப்பொருளே உறிஞ்சுகிறது. அதனால் மரபுப்பொருளின் அடுத்தடுத்த காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இவ்வாறு சிதைந்த மரபுப்பொருளைச் செல்லால் படியெடுக்க இயலாது. இதற்கு ஆக்சிசன் தேவையில்லை.

மறைமுக வழியில், ஒளியை வைரசு அல்லாத வேறொரு பொருள் உறிஞ்சுகிறது. கழிவுநீருக்குப் பழுப்பு நிறம் தரும் மட்கிய கரிமப்பொருட்கள் இவ்வாறு செயல்படுகின்றன. அவை பெற்ற ஆற்றல் கரைந்துள்ள ஆக்சிசனுக்கு மாற்றப்பட்டு, ஒற்றைநிலை ஆக்சிசன் போன்ற வினைத்திறன் மிக்க வடிவங்கள் உண்டாகின்றன. இவை வைரசின் புரத உறையையும் மரபுப்பொருளையும் தாக்குகின்றன. இவ்வழிக்குக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் பயன்படுகிறது. எம்.எஸ்.2 என்னும் வைரசு இயற்கை நீரில் இம்முறையில் செயலிழப்பதில் ஒற்றைநிலை ஆக்சிசனே முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதைக் கோன், நெல்சன் ஆகியோர் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. எம்.எஸ்.2 மனிதரைத் தாக்காது, பாக்டீரியாவை மட்டுமே தாக்கும்; ஆதலால் ஆய்வகங்களில் குடல் வைரசுகளுக்குப் பதிலியாகப் பயன்படுத்தப்படுகிறது.

எல்லா வைரசுகளும் ஒளிக்கு ஒரே விதமாகப் பணிவதில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிசு-கோலி முதலானோர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியாவைத் தாக்கும் டி.என்.ஏ. வைரசுகள் புறஊதா-பி கதிர்களால் மட்டுமே செயலிழந்தன, ஆர்.என்.ஏ. வைரசுகளோ பரந்த அலைநீள ஒளியால் செயலிழந்தன, அதற்கு ஆக்சிசனும் துணைபுரிந்தது. அடினோ வைரசு புறஊதாக் கதிர்களை நன்கு தாங்குவதாக அறியப்படுகிறது. அதன் டி.என்.ஏ. இரட்டை இழையால் ஆனது. ஓரிழையில் ஏற்பட்ட சேதத்தை, அது நுழைந்த செல்லின் நொதிகளே செப்பனிட்டுவிடுகின்றன.

குளத்து நீரில் புறஊதா-பி கதிர்கள் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கே ஊடுருவுகின்றன. பாசிகளும் மட்கிய பொருட்களும் அவற்றை விரைவாக உறிஞ்சிவிடுகின்றன. எனவே அடியில் உள்ள வைரசுகள் மேலே வந்தால் மட்டுமே ஒளியின் தாக்கத்துக்கு உட்படும். காற்று நீரைக் கலக்கும்போது இது நிகழ்கிறது. வெயில் மிகுந்த, காற்றில்லாத நாட்களில் மேலே வெந்நீரும் கீழே தண்ணீருமாக அடுக்குகள் உருவாகி, இக்கலப்பு தடைப்படுவதுண்டு. பாசிகளின் பங்கு இங்கு இருமுகமானது. அவை மறைமுகச் செயலிழப்புக்குத் தேவையான ஆக்சிசனைத் தருகின்றன. அதே நேரத்தில் ஒளியையும் மறைக்கின்றன.

வெப்பநிலை, அம்மோனியா, நுண்ணுயிர்கள்

ஒளி இல்லாத நிலையிலும் வைரசுகள் மெதுவாகச் செயலிழக்கின்றன. வெப்பநிலை உயர உயர இவ்வேகம் கூடுகிறது. குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில் நிலைக்கும் குடல் வைரசுகள், வெதுவெதுப்பான நீரில் வாரக்கணக்கிலேயே பெருமளவு குறைந்துவிடுகின்றன. குளிர்நாட்டுக் குளங்கள் குளிர்காலத்தில் வைரசுகளைக் குறைவாகவே நீக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகலில் பாசிகள் கரியமில வாயுவை உட்கொள்வதால் நீரின் காரத்தன்மை கூடி, பி.எச். மதிப்பு 9 ஐயும் தாண்டக்கூடும். இது மல பாக்டீரியாக்களை விரைவாகக் கொல்கிறது. ஆனால் பல குடல் வைரசுகள் இந்நிலையை அவற்றைவிட நன்கு தாங்குகின்றன. இங்கு அம்மோனியா மறைமுகமாக உதவுகிறது. பி.எச். 7 இல் நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே மின்னூட்டமற்ற வடிவில் இருக்கும். பி.எச். 9.25 இல், 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஏறத்தாழ பாதி அவ்வடிவில் இருக்கும். கழிவுநீர்ச் சேற்றில் போலியோ வைரசைச் செயலிழக்கச் செய்வது இம்மின்னூட்டமற்ற அம்மோனியாவே என்பதை வார்டு, ஆசுலி ஆகியோர் 1977 இல் கண்டறிந்தனர்.

குளத்து நுண்ணுயிர்களும் பங்களிக்கின்றன. சில பாக்டீரியாக்கள் வெளியிடும் புரதம் சிதைக்கும் நொதிகள் வைரசின் உறையைக் கரைக்கின்றன. நீரை வடித்து உண்ணும் ஒருசெல் உயிரிகளும் வைரசுகளை உட்கொள்கின்றன.

நீரோட்டமும் குளங்களின் எண்ணிக்கையும்

மேற்கூறிய எல்லாக் காரணிகளுக்கும் காலம் தேவை. எனவே நீர் தங்கும் காலம் குளத்தின் மிக முக்கியமான அளவீடாகும். குளத்தின் கொள்ளளவை நாள்தோறும் வரும் நீரின் அளவால் வகுத்தால் இக்காலம் கிடைக்கும். ஆனால் இது சராசரி மட்டுமே. உண்மையில் நீரின் ஒரு பகுதி நுழைவாயிலிலிருந்து நேராக வெளிவாயிலுக்கு விரைந்துவிடுகிறது. மற்றொரு பகுதி மூலைகளில் நெடுநாள் தேங்கிக் கிடக்கிறது. முன்னதைக் குறுக்கோட்டம் எனலாம்.

குறுக்கோட்டத்தின் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். குளத்துக்குள் 10,00,000 வைரசுகள் வருகின்றன என்று கொள்வோம். நீரில் ஒரு விழுக்காடு மட்டும் எந்த மாற்றமும் இன்றி உடனே வெளியேறினால், 10,000 வைரசுகள் அதனுடன் வெளியேறிவிடும். எஞ்சிய 99 விழுக்காடு நீரில் ஒரு வைரசுகூட மிஞ்சாவிட்டாலும், மொத்த நீக்கம் இரண்டு மடக்கை அலகைத் தாண்டாது.

இதனால்தான் ஒரே பெரிய குளத்தைவிட, அதே மொத்தக் கொள்ளளவுள்ள பல சிறு குளங்கள் சிறந்தவை. நன்கு கலந்த ஒரு குளத்தில் வெளியேறும் செறிவு என்பது, உள்வரும் செறிவை (1 + செயலிழப்பு வீதம் × தங்கும் நாட்கள்) என்பதால் வகுப்பதால் கிடைக்கும். நாளொன்றுக்கு 0.5 என்ற வீதத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், 20 நாட்கள் என்ற ஒரே மொத்தக் காலத்துக்குப் பின்வரும் விடைகள் கிடைக்கின்றன.

ஒரு குளம், 20 நாட்கள்: 11 இல் ஒரு பங்கு எஞ்சும்.
இரு குளங்கள், ஒவ்வொன்றிலும் 10 நாட்கள்: 36 இல் ஒரு பங்கு எஞ்சும்.
நான்கு குளங்கள், ஒவ்வொன்றிலும் 5 நாட்கள்: ஏறத்தாழ 150 இல் ஒரு பங்கு எஞ்சும்.

மல பாக்டீரியாக்களின் குறைவை இம்முறையில் கணக்கிட்ட மரே, சம அளவுள்ள குளங்களை வரிசையாக அமைப்பதே மிகுந்த பயன் தரும் என 1974 இல் காட்டினார். குளத்தினுள் குறுக்கே தடுப்புச் சுவர்கள் அமைத்து, நீரை வளைந்து வளைந்து செல்லச் செய்வதும் குறுக்கோட்டத்தைக் குறைக்கும். நுழைவாயிலையும் வெளிவாயிலையும் எதிரெதிர் மூலைகளில் அமைப்பதும், காற்று வீசும் திசையைக் கருத்தில் கொள்வதும் வழக்கம்.

பாக்டீரியாச் சோதனையின் போதாமை

நீரின் தூய்மையை அறிய உலகெங்கும் கோலிபார்ம் அல்லது எசரிக்கியா கோலை பாக்டீரியாக்களே எண்ணப்படுகின்றன. இச்சோதனை எளிதும் செலவு குறைந்ததும் ஆகும். எனினும் பாக்டீரியா இல்லை என்பதால் வைரசும் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

குடிநீர் சார்ந்த ஒரு நிகழ்வு இதைத் தெளிவாக உணர்த்தியது. 1955 நவம்பரில் தில்லியில், நசாப்கர் வடிகாலின் கழிவுநீர் யமுனையில் பின்னோக்கிச் சென்று, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. நீர்நிலைய அலுவலர்கள் படிகாரத்தின் அளவையும் குளோரினின் அளவையும் கூட்டினர். குடற்காய்ச்சல் போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் 1955 திசம்பரிலும் 1956 சனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டனர். இது ஈ வகைக் கல்லீரல் அழற்சி என்பது, அவ்வைரசு கண்டறியப்பட்ட பின்னர், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளின் வழியே பல ஆண்டுகள் கழித்துத் தெளிவாயிற்று. இந்நோய் கருவுற்ற பெண்களுக்குக் குறிப்பாக உயிராபத்து விளைவிப்பது. பாக்டீரியாக்களைத் தடுத்த அதே சுத்திகரிப்பைக் கடந்து வைரசு வந்துவிட்டது என்பதே இந்நிகழ்வின் பொருள்.

குளங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். உயர்ந்த பி.எச். மதிப்பு பாக்டீரியாக்களை விரைவாகக் கொன்றுவிடுவதால், கோலிபார்ம் எண்ணிக்கை நிறைவளித்தாலும் வைரசுகள் எஞ்சியிருக்கலாம். ஆகவே பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரசுகளையும் சுட்டிகளாக எண்ணும் வழக்கம் பரவி வருகிறது.

வைரசுகளை நேரடியாக அளவிடுவதிலும் இடர்ப்பாடு உண்டு. செல் வளர்ப்பு முறை தொற்றும் ஆற்றலுள்ள வைரசுகளை மட்டும் காட்டும். ஆனால் காலமும் செலவும் மிகும். மனித நோரோ வைரசை ஆய்வகத்தில் குடல் உறுப்புப்போலிகளில் வளர்க்கும் முறை 2016 இல்தான் வெளியானது. பி.சி.ஆர். முறை விரைவானது, ஆனால் அது மரபுப்பொருளின் படிகளையே எண்ணுகிறது. உறை சிதைந்து செயலிழந்த வைரசின் மரபுப்பொருளையும் அது எண்ணிவிடக்கூடும்.

நடைமுறையில் நீக்கத்தின் அளவு

பல நாடுகளின் குளங்களைப் பற்றி வெளியான தரவுகளை வெர்பைலா, மிகெல்சிச் ஆகியோர் தொகுத்து 2015 இல் வெளியிட்டனர். சராசரியாக ஒரு மடக்கை அலகு வைரசு நீக்கத்துக்கு 14.5 முதல் 20.9 நாட்கள் வரை தேவைப்பட்டது. தரவுகளின் 95 ஆவது சதமானத்தில் இது 54 நாட்களாக இருந்தது. தங்கும் காலத்துக்கும் வைரசு நீக்கத்துக்கும் இடையிலான தொடர்பு வலுவானதாக இல்லை. அதாவது கொள்ளளவை மட்டும் பார்த்து ஒரு குளத்தின் திறனை உறுதியாகக் கூற இயலாது.

உலக சுகாதார அமைப்பு 1989 இல் வெளியிட்ட வழிகாட்டியில், பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000 மல கோலிபார்ம் வரை ஏற்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு வழிகாட்டி இப்பார்வையை மாற்றியது. ரோட்டா வைரசை முன்மாதிரியாகக் கொண்டு, இலைப் பயிர்களுக்கு 6, வேர்ப் பயிர்களுக்கு 7 என்ற மடக்கை அலகுகளில் மொத்தக் குறைவு தேவை எனக் கணித்தது. இதை முழுவதும் குளமே தர வேண்டியதில்லை. சொட்டு நீர்ப்பாசனம் 2 முதல் 4 அலகு, பாசனத்தை நிறுத்திய பின் அறுவடைவரை விடும் இடைவெளி நாளொன்றுக்கு 0.5 முதல் 2 அலகு, காய்களைக் கழுவுதல் 1 அலகு, தோலுரித்தல் 2 அலகு எனப் பல தடைகளைக் கூட்டி அவ்வளவை எட்டலாம்.

ஆசுத்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்கு அருகில் உள்ள வெரிபீ சுத்திகரிப்பு நிலையம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1897 இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் அந்நகரக் கழிவுநீரில் ஏறத்தாழ பாதியை வரிசையான பெருங்குளங்களில் சுத்திகரிக்கிறது. அங்கிருந்து 2005 முதல் அருகிலுள்ள காய்கறித் தோட்டங்களுக்கு நீர் வழங்கப்படுகிறது. எனினும் குளங்களைக் கடந்த நீர் நேரடியாகத் தோட்டங்களுக்குச் செல்வதில்லை. புறஊதாக் கதிர்களாலும் குளோரினாலும் மீண்டும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பின்னரே அனுப்பப்படுகிறது.

பராமரிப்பு

குளங்கள் எளிமையானவை என்பதால் பராமரிப்பு தேவையில்லை என்று கருதுவது தவறு. அடிச்சேறு சேரச் சேரக் கொள்ளளவு குறைந்து, நீர் தங்கும் காலமும் குறைகிறது. சேற்று மேடுகள் குறுக்கோட்டத்துக்கு வழிகாட்டுகின்றன. ஆகாயத்தாமரை, பாசிப்படலம் போன்றவை மேற்பரப்பை மூடினால் ஒளி உள்ளே செல்வதில்லை. மக்கள்தொகை பெருகி, வடிவமைத்த அளவைவிடக் கூடுதல் கழிவுநீர் வந்தால், குளம் அதே தோற்றத்துடன் இருந்தாலும் வைரசு நீக்கம் குறைந்துவிடும். இம்மாற்றம் கண்ணுக்கோ மூக்கோடு தொடர்புடைய நாற்றத்துக்கோ புலப்படாது. எனவே காலமுறைப்படி தூர்வாருதல், மேற்பரப்பைத் தூய்மையாக வைத்தல், உள்வரும் நீரின் அளவைப் பதிவு செய்தல் ஆகியவை இக்குளங்களின் பாதுகாப்பான பயன்பாட்டுக்கு இன்றியமையாதவை ஆகும்.